நொடியை அளந்த பொறிகள்

நுழையும்முன்

எடுத்த படத்தை அடுத்த கணமே திரையில் பார்க்கும் காலம் இது. படம் மங்கலாக இருந்தால் அழித்துவிட்டு மீண்டும் எடுக்கலாம். படச்சுருள் வழங்கிய காலத்தில் அதற்கு வழியில்லை. கருவி சரியாக இயங்கியதா, பிழை செய்ததா என்பது சுருளைக் கழுவிய பின்னரே தெரியவரும். அதற்குள் மணவிழா முடிந்திருக்கும், ஊர்வலம் கலைந்திருக்கும், வழியனுப்பப்பட்டவர் கப்பலேறியிருப்பார். எனவே, கருவியின் இயல்பை நன்கறிந்து கையாள்வது அக்கால ஒளிப்படக் கலைஞரின் முதற்கடமையாயிற்று. அக்கருவிகள் எவ்வாறு இயங்கின, அவற்றின் விந்தையான இயல்புகளுக்குக் காரணம் என்ன, அவற்றை நம்பத்தக்கனவாக ஆக்கியது எது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இருட்டுப் பெட்டியும் கடிகாரமும்

ஒளிப்படக் கருவி என்பது ஒளி புகாத ஒரு பெட்டி. அதன் முன்புறம் வில்லை, பின்புறம் படச்சுருள். இரண்டிற்கும் இடையே ஒளியை மறித்து நிற்பது ஷட்டர். பொத்தானை அழுத்தும்போது ஷட்டர் திறந்து, குறித்த நேரம்வரை ஒளியை உள்ளே விட்டு, மீண்டும் மூடிக்கொள்கிறது. வெயிலில் ஓடும் குழந்தையைப் படம்பிடிக்க 1/500 நொடி போதும். மாலை மங்கலில் ஒரு கோபுரத்தைப் படம்பிடிக்க ஒரு முழு நொடியும் தேவைப்படலாம்.

இவ்வளவு நுண்ணிய கால அளவுகளைப் பழைய கருவிகள் மின்சாரத்தின் துணையின்றியே அளந்தன. முறுக்கேற்றப்பட்ட சுருள்வில் ஷட்டரை இழுத்தது. பற்சக்கரங்கள் அதன் ஓட்டத்தைத் தடுத்தும் விடுத்தும் நேரத்தைக் கட்டுப்படுத்தின. இவ்வகையில் ஷட்டர் என்பது கடிகாரத்தின் உறவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கைக்கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்தினால் மறுநாள் அதனைத் திருத்திக்கொள்ளலாம். ஷட்டர் பிந்தினால், இழந்த கணம் திரும்ப வாராது.

ஓடும் பிளவு

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர் ஆஸ்கர் பார்னாக். திரைப்படத்திற்கென உருவான 35 மில்லிமீட்டர் சுருளில் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள படங்களைப் பதிக்கும் சிறிய கருவியொன்றை அவர் வடிவமைத்தார். அதுவே 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா. கனத்த பெட்டியையும் முக்காலியையும் சுமந்து திரிந்த ஒளிப்படக்கலையை அது கைக்குள் கொண்டுவந்தது.

லைக்காவின் ஷட்டர் இரண்டு துணித்திரைகளால் ஆனது. அத்துணி ரப்பர் பூசப்பட்டமையால் ஒளியை உள்ளே விடாது. முதல் திரை ஓடத் தொடங்கியதும் படச்சுருள் வெளிச்சத்தைக் காண்கிறது. சற்றுப் பின்னால் இரண்டாம் திரை ஓடிவந்து அதனை மறைக்கிறது. மெதுவான வேகத்தில் இரண்டிற்கும் இடைவெளி மிகுதி. விரைவான வேகத்தில் முதல் திரை ஓடி முடியுமுன்னரே இரண்டாம் திரை புறப்பட்டுவிடும். அப்போது படச்சுருளின்மீது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பிளவு மட்டுமே நகர்ந்து செல்லும். படம் முழுவதும் ஒரே நேரத்தில் பதிவதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகப் பதிகிறது.

இவ்வமைப்பிலிருந்தே பல விந்தைகள் பிறந்தன. பிளவு நகரும் நேரத்திற்குள் விரைந்தோடும் வண்டியும் நகர்ந்துவிடுவதால், அதன் உருவம் சாய்ந்து பதியக்கூடும். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஜாக் ஆன்றி லார்திக், லைக்காவுக்கு முன்னரே இத்தகைய ஷட்டருள்ள பெரிய கருவியால் எடுத்த பந்தயக் கார்ப் படம் உலகப் புகழ்பெற்றது. அதில் காரின் சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கருவியின் குறையே அங்கு விரைவின் அடையாளமாக மாறிவிட்டது.

எல்லாக் குறைகளும் இவ்வாறு அழகாக அமைவதில்லை. இரு திரைகளும் ஒரே விரைவில் ஓட வேண்டும். நாட்பட்ட சுருள்வில் தளர்ந்தாலோ துணி விறைத்தாலோ அவற்றின் ஓட்டம் மாறுபடும். இரண்டாம் திரை முதல் திரையை நெருங்கிவிட்டால், வழியிலேயே பிளவு குறுகிப் படத்தின் ஒருபக்கம் இருண்டுபோகும். மின்னொளி விளக்கைப் பொருத்தி விரைவான வேகத்தில் எடுத்தால், விளக்கு ஒளிரும் கணத்தில் பிளவு நின்ற இடம் மட்டுமே பதியும். எஞ்சிய பகுதி கறுத்துவிடும். இது பழுது அன்று, அமைப்பின் எல்லை. இவ்வேறுபாட்டை அறியாதவர் நல்ல கருவியையும் பழுதென்று ஒதுக்கிவிடுவர்.

தொடக்ககால லைக்காவில் வேகத்தைக் குறிக்கும் வட்டக்குமிழ், படம் எடுக்கும்போது தானும் சுழலும். விரலோ தொப்பியின் விளிம்போ அதில் பட்டால் ஷட்டரின் ஓட்டம் தடைப்படும். சுருளை அடிப்பக்கமாகச் செருக வேண்டியிருந்தமையால், அதன் முனையைச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஒடுக்கமாக வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டாமல் செருகினால் சுருளின் விளிம்பு உள்ளே சிக்கும்; கிழிந்த துணுக்குகள் ஷட்டரை அடையும். வில்லைக்கு நேர்பின்னே துணித்திரை இருப்பதால், கருவியை மூடியின்றிச் சூரியனை நோக்கி வைத்தல் ஆகாது. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல வில்லை துணியில் துளையிட்டுவிடும். அதன் பின்னர் எடுக்கும் படங்களிலெல்லாம் ஒரு வெண்புள்ளி தோன்றும்.

உலோகத் தகடும் பட்டு நாடாவும்

துணி எரியும்; விறைக்கும். அப்படியெனில் உலோகத்தால் ஷட்டர் செய்தால் என்ன? ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த ட்ஸைஸ் ஐகான் நிறுவனம் 1932இல் வெளியிட்ட கான்டாக்ஸ் இக்கேள்விக்கு விடையாக அமைந்தது. மெல்லிய பித்தளைப் பட்டைகளைக் கோத்து, கடைகளின் சுருள்கதவுபோல அதன் ஷட்டரை உருவாக்கினர். அது படத்தின் குறுகிய பக்கமான 24 மில்லிமீட்டர் வழியே மேலிருந்து கீழாக ஓடியது. ஓட வேண்டிய தொலைவு குறைந்தமையால் மிகுந்த வேகம் கைகூடியது.

கதிரவன் ஒளி பித்தளையை எரிக்கவில்லை. ஆனால், அப்பித்தளைத் திரைகளை இணைத்திருந்தவை பட்டு நாடாக்கள். ஆண்டுகள் பல கடந்தபின் தேய்ந்து அறுந்தவை அந்நாடாக்களே. வலிமை வாய்ந்த ஓர் அமைப்பின் ஆயுளை அதன் மிக மென்மையான உறுப்பே முடிவுசெய்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

கான்டாக்ஸில் வேறொரு சிறு தொல்லையும் இருந்தது. தொலைவைக் கணிக்க உதவும் சாளரம் வலக்கைப் பக்கத்தில் விரல்கள் படியும் இடத்திலேயே அமைந்துவிட்டது. வழக்கம்போலப் பற்றினால் நடுவிரல் அதனை மறைக்கும். எனவே, அவ்விரலை உயர்த்திப் பிடிக்கும் தனிப்பழக்கம் அதன் பயனாளரிடையே தோன்றியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கான்டாக்ஸின் உற்பத்திக் கருவிகள் போர் இழப்பீடாகச் சோவியத் ஒன்றியத்தைச் சென்றடைந்தன. அவற்றைக் கொண்டு உக்ரைனின் கீவ் நகரில் உருவான கருவி, நகரின் பெயரையே தாங்கியது. பட்டு நாடாவும் மறைபடும் சாளரமும் அதனுடன் சேர்ந்தே இடம்பெயர்ந்தன.

இதழ்களும் எண்ணெயும்

ஷட்டரில் மற்றொரு வகையும் உண்டு. மெல்லிய எஃகு இதழ்கள் வில்லைக்குள்ளேயே வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். அவை பூ மலர்வதுபோல நடுவிலிருந்து விரிந்து, மீண்டும் குவியும். மியூனிக் நகரில் 1912இல் உருவான காம்பர் என்னும் ஷட்டர் இவ்வகையில் புகழ்பெற்றது. இதழ்கள் முழுவதும் விரியும் கணத்தில் படம் முழுவதும் ஒருசேர ஒளிபெறும். ஆதலின், மின்னொளி விளக்கை எல்லா வேகங்களிலும் பயன்படுத்தலாம்.

இவ்வகைக்கு எண்ணெயே பகை. பற்சக்கரங்களுக்கு இட்ட எண்ணெய் கசிந்து இதழ்களை அடைந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்தும்போது ஒலி கேட்கும், இதழ்கள் திறவா. சில கருவிகளில் திறந்த இதழ்கள் மூட மறுக்கும்.

ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்களுக்கெனத் தனிப் பற்சக்கரத் தொகுதி உண்டு. பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தால் அதிலுள்ள எண்ணெய் கட்டிப்பட்டுப் பசையாகிவிடும். அப்போது ஒரு நொடி என்று குறித்தால் ஷட்டர் இரண்டு நொடிகள் திறந்திருக்கும். அல்லது பாதியிலேயே நின்றுவிடும். விரைவான வேகங்கள் இத்தொகுதியின் துணையின்றி இயங்குவதால் அவை நன்றாகவே இருக்கும். இதனால்தான் பழைய கருவியை ஆராய்வோர் முதலில் மெதுவான வேகங்களைச் செவிமடுத்துக் கேட்கின்றனர். சீரான ‘கிர்’ என்னும் ஒலி நலத்தைக் காட்டும். தயங்கித் தேயும் ஒலி நோயைக் காட்டும். பின்கதவைத் திறந்து, சுருளின்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஷட்டரை இயக்கினால், அது திறந்து மூடுவதைக் கண்ணாலும் காணலாம்.

முறை மாறினால்

எந்திரக் கருவிகள் செயல்களின் வரிசையை மதிப்பவை. சோவியத் ஒன்றியத்தில் உருவான ஜோர்க்கி 4 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலில் சுருளை நகர்த்தி ஷட்டரை முறுக்கேற்ற வேண்டும். அதன் பின்னரே வேகத்தை மாற்ற வேண்டும். ஷட்டர் தளர்ந்த நிலையில் குமிழைத் திருப்பினால், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் சிக்கிச் சிதையக்கூடும். குறியீடுகள் யாவும் வெளியில் தெரிகின்றன. இவ்விதி மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அறிந்தவர் கையில் பல்லாண்டு உழைக்கும் கருவி, அறியாதவர் கையில் ஒரே நாளில் பழுதாகிவிடும்.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1929ஆம் ஆண்டுமுதல் வெளிவந்த ரோலிஃபிளெக்ஸ் இரட்டை வில்லைக் கருவி. மேல்வில்லை காண்பதற்கு, கீழ்வில்லை பதிவதற்கு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவல்லா பயன்படுத்திய கருவிகளுள் இதுவும் ஒன்று. மேலிருந்து குனிந்து பார்க்கும் திரையில் இடமும் வலமும் மாறித் தோன்றும். வலப்புறம் நடப்பவரைப் பின்தொடரக் கருவியை எப்பக்கம் திருப்புவது என்பது பழகினாலன்றிக் கைவராது. 1937இல் வெளியான அதன் தானியங்கி வடிவம், சுருளின் தடிப்பை இரு உருளைகளுக்கிடையே உணர்ந்து முதற்படத்தின் இடத்தைத் தானே கண்டுகொண்டது. அவ்வுருளைகளின் இடையே சுருளின் காகித முனையைச் செலுத்த மறந்தால் கருவி எதனையும் உணராது. எண்ணிக்கை தொடங்காது, முழுச்சுருளும் தடையின்றி ஓடிமுடிந்துவிடும்.

தோல்வியிலிருந்து நிலவுக்கு

நம்பகம் என்பது ஒரே நாளில் உருவாவதன்று. சுவீடன் நாட்டின் விக்டர் ஹாசல்பிளாட் 1948இல் அறிமுகப்படுத்திய 1600எஃப் கருவியின் உச்சவேகம் 1/1600 நொடி. மெல்லிய எஃகுத் தகடால் ஆன அதன் திரை ஷட்டர் வியப்பளித்தது. ஆனால் அடிக்கடி பழுதுபட்டது. நிறுவனம் அதனைத் திருத்த முயன்று, இறுதியில் அத்திரையையே கைவிட்டது. 1957இல் வெளிவந்த 500சி கருவியில் வில்லைக்குள் அமைந்த இதழ் ஷட்டர் இடம்பெற்றது. அதன் உச்சவேகம் 1/500 நொடி மட்டுமே. வேகத்தின் பெரும்பகுதியைத் துறந்து, நம்பகத்தைப் பெற்றனர்.

இக்கருவிக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. உடற்பகுதி, வில்லை ஆகிய இரண்டும் முறுக்கேறிய நிலையில் இருக்கும்போதே அவற்றை இணைக்கவோ பிரிக்கவோ வேண்டும். ஒன்று முறுக்கேறி மற்றொன்று தளர்ந்திருந்தால் இரண்டும் பொருந்தா. வலிந்து பொருத்தினால் சிக்கிக்கொள்ளும். ஆனால், இதற்கான தீர்வும் வடிவமைப்பிலேயே இருந்தது. வில்லையின் பின்புறத் தண்டில் ஒரு காடி வெட்டப்பட்டிருந்தது. ஒரு நாணயத்தைக் கொண்டு அதனைத் திருப்பி மீண்டும் முறுக்கேற்றலாம்.

1962ஆம் ஆண்டு அமெரிக்க விண்வெளி வீரர் வால்டர் ஷிரா, கடையில் வாங்கிய ஹாசல்பிளாட் 500சி கருவியொன்றை மாற்றியமைத்து விண்வெளிக்கு எடுத்துச் சென்றார். 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவின் தரையில் பயன்படுத்தியதும் அக்குடும்பத்தைச் சேர்ந்த கருவியே. அதில் சுருளை நகர்த்த மின்பொறி சேர்க்கப்பட்டிருந்தது. வெற்றிடத்தில் வழக்கமான எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால் உராய்வு நீக்கிகள் மாற்றப்பட்டன. வெப்பத்தின் ஏற்றத்தாழ்வைத் தாங்க அதன் மேற்புறம் வெள்ளிநிறம் பெற்றது. சுருள் நகரும்போது தோன்றும் நிலைமின்னூட்டத்தை வெளியேற்றக் கண்ணாடித் தகடொன்றில் மின்கடத்தும் மெல்லிய பூச்சு இடப்பட்டது. தடித்த கையுறை அணிந்த விரல்களுக்கேற்பத் திருகுகள் பெரிதாக்கப்பட்டன. பழுது வந்தபின் நீக்குவதைவிட, எங்கெல்லாம் பழுது வரக்கூடும் என்று முன்னறிந்து காத்ததே அவ்வெற்றியின் அடிப்படை.

மின்கலம் வந்தபோது

1976ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து இரண்டு புகழ்பெற்ற கருவிகள் வெளிவந்தன. பென்டாக்ஸ் கே1000 முழுவதும் எந்திர ஷட்டரைக் கொண்டது. மின்கலம் அதன் ஒளிமானிக்கு மட்டுமே. மின்கலம் தீர்ந்தாலும் எல்லா வேகங்களும் இயங்கும். ஒளிமானியை நிறுத்தத் தனி விசை இல்லாததால், வில்லையை மூடி வைப்பதே மின்கலத்தைச் சேமிக்கும் வழி. கேனன் ஏஇ-1 கருவியிலோ நுண்செயலி ஒன்று ஷட்டரைக் கட்டுப்படுத்தியது. பாகங்கள் குறைந்தன, விலை குறைந்தது, புதியவர்களும் எளிதாகப் படம் எடுத்தனர். ஆனால், மின்கலம் தீர்ந்தால் அது இயங்காது.

இவற்றுள் எது சிறந்தது என்னும் கேள்விக்கு எளிய விடை இல்லை. புதிதாக இருக்கும்போது மின்னணு ஷட்டர் எந்திர ஷட்டரைவிடத் துல்லியமானது. எண்ணெயின் கெட்டித்தன்மை அதன் கால அளவைப் பாதிப்பதில்லை. எந்திர ஷட்டரோ சிறுகச் சிறுகத் தளர்ந்து பிழைசெய்யும். எனினும், மின்சுற்றுப் பழுதுபட்டால் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி முற்றிலும் ஓய்ந்துவிடும். அதற்குரிய பாகத்தை உருவாக்குவோர் இல்லையெனில் கருவியும் அத்துடன் முடிந்தது. எந்திர ஷட்டர் தளர்வதை ஒலியாலும் கண்ணாலும் உணரலாம். திறந்து, துடைத்து, எண்ணெயிட்டு மீட்கலாம். அதே ஏஇ-1 கருவியில் ஆடியை இயக்கும் பற்சக்கரம் எண்ணெய் வற்றி இருமுவதுபோல் ஒலிப்பதுண்டு. அவ்வெந்திரக் குறையை ஒரு சொட்டு எண்ணெய் தீர்த்துவிடும்.

ஒளிமானிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களின் கருவிகள் பலவும் 1.35 வோல்ட் தரும் பாதரச மின்கலத்தை நம்பியிருந்தன. பாதரசம் சுற்றுச்சூழலுக்குக் கேடு விளைவிப்பதால் அம்மின்கலங்கள் தடைசெய்யப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக 1.5 வோல்ட் மின்கலத்தை இட்டால், சில கருவிகள் இருப்பதைவிட மிகுந்த ஒளி இருப்பதாகக் காட்டும். அதனை நம்பி எடுத்த படம் இருண்டுபோகும். கருவியில் பழுது ஏதுமில்லை. அது வாழ்ந்த உலகம் மாறிவிட்டது.

காலமும் காலநிலையும்

பயன்பாட்டைவிடப் பயன்படாமையே பழைய கருவிகளை மிகுதியாகக் கெடுக்கிறது. அலமாரியில் கிடக்கும் கருவியில் எண்ணெய் உறையும்; பின்கதவின் ஓரங்களில் ஒளியைத் தடுக்க ஒட்டப்பட்ட நுரைப்பஞ்சு கரைந்து தார்போலப் பிசுபிசுக்கும். அவ்வழியே ஒளி கசிந்து படங்களில் கோடுகள் விழும்.

சென்னை போன்ற கடலோர நகரங்களின் ஈரக்காற்று வில்லைகளுக்குப் பகை. இருளும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளர்ந்து, கண்ணாடியின்மீது சிலந்தி வலைபோலப் படரும். அது சுரக்கும் அமிலம் வில்லையின் பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தடம் மறையாது. அழகிய தோலுறை ஈரத்தைத் தேக்கிவைப்பதால் அதற்குள் நெடுநாள் வைத்தல் தீங்கு. சிலிக்கா ஜெல் இட்ட உலர்ந்த பெட்டியில் வைப்பதும், அவ்வப்போது வெளிச்சத்தில் எடுத்து எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்குவதும் செலவில்லாத பாதுகாப்பு.

நம்பகம் என்பது யாது?

துணி எரிந்தது, நாடா அறுந்தது, எண்ணெய் உறைந்தது. அவ்வாறிருந்தும் பல்லாண்டு கடந்த கருவிகள் இன்றும் படம் எடுக்கின்றன. அவை பழுதுபடாதவை என்பதனால் அன்று. அவற்றின் ஒவ்வொரு பழுதுக்கும் காணத்தக்க காரணம் உண்டு. காரணத்தை அறிந்தவர் கையால் அதனைக் களையவும் இயலும். ஆதலால் நம்பகம் என்பது பழுதே வாராத தன்மை அன்று. வந்த பழுதை உணர்ந்து சீர்செய்ய இடந்தரும் தன்மையே ஆகும்.

இத்தன்மையில் பாதி பொறியில் இருக்கிறது. மறுபாதி மனிதரிடம் இருக்கிறது. ஷட்டரின் ஒலியைக் கேட்டே அதன் நோயை உரைக்கும் பழுதுநீக்குநர்களின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. அவர்கள் விரல்நுனியில் வைத்திருக்கும் அறிவு அடுத்த தலைமுறையைச் சென்றடையாவிடில், பழுதற்ற கருவியும் காட்சிப்பொருளாகவே எஞ்சும். ஒரு பொருள் பழுதானதும் எறிந்துவிடும் வழக்கம் பெருகிவரும் காலம் இது. அதனைத் திறந்து, ஏன் நின்றது என்று கேட்கும் மனப்பாங்கையே இப்பழைய கருவிகள் இளைய தலைமுறைக்குக் கற்பிக்கின்றன.